டீச்சர் பதில்கள்: பல்லைக் காட்டினால் ஊரைச் சொல்வேன்

போன இதழில் ஒருவர், "டைனோசர் தாமிரபரணிக் கரையில் இருந்ததா?" என்று கேட்டிருந்தார். "ஆதாரம் இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். அந்தச் சிக்கனம் யாருக்கும் பிடிக்கவில்லை போலிருக்கிறது. வந்த கடிதங்களில் பாதி சண்டை, பாதி கேள்வி. சண்டையை ஒதுக்கிவிட்டுக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ஆ. சுடலைமுத்து, தாழையூத்து: ஆதாரம் இல்லை என்று எப்படி அடித்துச் சொல்கிறீர்கள் டீச்சர்? அரியலூரிலும் சுண்ணாம்புக்கல், எங்கள் ஊரிலும் சுண்ணாம்புக்கல். அங்கே கிடைப்பது இங்கே ஏன் கிடைக்காது?

நியாயமான கேள்வி ஐயா. இரண்டும் சிமெண்டுக்குப் போகிற கல்தான், பிறப்புதான் வேறு. அரியலூர்க் கல் கடலடியில் சிப்பியும் சேறும் படிந்து இறுகியது. அப்புறம் அதற்குப் பெரிதாக ஒன்றும் நேரவில்லை. கையில் எடுத்தால் சிப்பியின் வரிகூடத் தெரியும். தாழையூத்துக் கல்லை உடைத்துப் பாருங்கள், மணிமணியாக மின்னும். பல கிலோமீட்டர் ஆழத்தில், சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், வெந்து நசுங்கி மறுபடி படிகமான கல் அது. அதில் எலும்பைத் தேடுவது, சூளையில் வெந்த செங்கலுக்குள் ஈர்க்குச்சியைத் தேடுகிற கதை. போதாததற்கு, அந்தக் கல் வெந்த காலத்தில் முதுகெலும்புள்ள பிராணியே உலகத்தில் கிடையாது. முதல் டைனோசர் வந்தது ஏறத்தாழ 23 கோடி ஆண்டுகளுக்கு முன்னால்.

அதற்காக அவை நம் பக்கம் தலைவைத்தே படுக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. அவை மிதித்த தரையை மழையும் ஆறும் அரித்துக் கடலுக்குக் கொண்டுபோய்விட்டன. தரையே இல்லாதபோது தடத்தை எங்கே தேட?

அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் அந்தத் தரை தப்பியிருக்கிறது. ஏறக்குறைய 7 கோடி ஆண்டுக்கு முந்திய ஆற்று மணல். அங்கே கிடைத்த எலும்புகளுக்கு 1987-ல் 'புருகத்காயோசாரஸ்' என்று பெயர் வைத்தார்கள். முழங்காலுக்குக் கீழ் எலும்பு மட்டுமே 2 மீட்டர் நீளம் என்று எழுதினார்கள். முதலில் அதை மாமிசம் தின்னி என்றார்கள், பிறகு நீண்ட கழுத்துள்ள தழை தின்னி என்று மாற்றினார்கள். இன்றைக்குச் சரிபார்க்கலாமா என்றால் எலும்பே இல்லை, உதிர்ந்து போய்விட்டது. மிஞ்சியவை படங்களும் பழைய போட்டோக்களும். 'உலகத்திலேயே பெரிய டைனோசர் தமிழ்நாட்டில்' என்று வாட்ஸ்அப்பில் வருவது இந்தப் பிராணியைப் பற்றித்தான். எனக்கு அந்தப் பெருமையில் நாட்டமில்லை. அதே கல்லமேட்டில் கிடைத்த ஓர் ஆமை மண்டையோடும் ஒரு முதலைப் பல்லும் எனக்கு அதைவிடப் பெரியவை. இரண்டுக்கும் நெருங்கிய சொந்தக்காரர்கள் மடகாஸ்கரில் புதைபடிவமாகக் கிடைத்திருக்கிறார்கள். நம் தென்னாடும் மடகாஸ்கரும் ஒட்டிக்கிடந்த நிலம் என்பதற்கு, கைக்குள் அடங்குகிற சாட்சி.

ம. கோமதி, சங்கரன்கோவில்: சாயமலைப் பக்கம் காண்டாமிருக எலும்பு கிடைத்தது என்று என் மாமனார் சொல்வார். மானாவாரிக் கரிசலில் காண்டாமிருகமா? கதையா, நிஜமா?

நிஜம்தான் தாயி, மாமனாரைச் சந்தேகிக்க வேண்டாம். சாயமலையில் கிடைத்த காண்டாமிருகப் புதைபடிவத்தை ஆய்வாளர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அப்போது அது திருநெல்வேலி மாவட்டம், இப்போது உங்கள் தென்காசி. இது டைனோசர் காலச் சங்கதி இல்லை. அதெல்லாம் ஒழிந்து கோடிக்கணக்கான ஆண்டு கழித்து, பனியுகங்கள் வந்து வந்து போன காலம். மனிதன் கல்லாயுதத்தோடு திரிந்த காலம்.

காண்டாமிருகம் தனியாக வராது. அசாமின் காசிரங்காவில் இன்றைக்கும் அது எப்படி வாழ்கிறது என்று பாருங்கள்: ஆளை மறைக்கிற புல், புரளுவதற்குச் சேறு, வற்றாத தண்ணீர். சாயமலையில் அது இருந்தது என்றால், பருத்தியும் உளுந்தும் விளைகிற உங்கள் காட்டில் ஒரு காலத்தில் புல்லும் சதுப்பும் இருந்திருக்க வேண்டும். ஒரு மிருகம் கிடைத்தால் அதன் மேய்ச்சல் காடும் கூடவே கிடைத்த கணக்கு.

இதே வழியில்தான் பூண்டி ஏரிக்குப் பக்கத்து அத்திரம்பாக்கத்தையும் படித்தார்கள். 15 லட்சம் ஆண்டு பழைய கைக்கோடரிகள் கிடைத்த ஊர் அது. அங்கே எலும்புக் குவியல் ஒன்றும் கிடைக்கவில்லை, சில பற்கள்தான். குதிரை, நீர் எருமை, நீல்காய் மான். எருமைக்குத் தண்ணீர் வேண்டும், குதிரைக்கும் நீல்காய்க்கும் ஓடி மேய வெட்டவெளி வேண்டும். சில பல்லை வைத்து ஒரு நிலப்பரப்பையே வரைந்துவிட்டார்கள். பல்லின் எனாமலைத் துளி சுரண்டி எடுத்தால் இன்னும் பேசும். கோடைப் புல்லும் மரத்து இலையும் காற்றிலிருந்து கரியை வேறு வேறு விதமாக எடுத்துக்கொள்கின்றன. தின்ற மிருகத்தின் எனாமலில் அந்த வித்தியாசம் லட்சக்கணக்கான ஆண்டு அழியாமல் நிற்கும். மேய்ந்தது புல்லா தழையா என்று ஆய்வுக்கூடத்தில் சொல்லிவிடலாம்.

"பிறகு எல்லாம் எங்கே போயிற்று?" என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். கர்நூல் பக்கம் பில்லசுர்கம் குகைகளில் கடந்த 2 லட்சம் ஆண்டு எலும்புகளை அடுக்கு அடுக்காகப் பார்த்தார்கள். 21 வகைப் பாலூட்டிகளில் 20 இன்னும் இந்தியாவில் எங்கேயாவது உயிரோடு இருக்கின்றன. முழுக்க அற்றுப்போனது பபூன் சாதிப் பெரிய குரங்கு ஒன்று மட்டும். மற்ற கண்டங்களில் பெரிய மிருகங்கள் கூட்டமாக அழிந்தபோது, இங்கே பெரும்பாலானவை அழியவில்லை, ஒண்டிக்கொண்டன. காண்டாமிருகம் வடகிழக்கில் போய் ஒண்டியிருப்பதும் அப்படித்தான்.

கிணறு வெட்டும்போது சந்தேகமாக ஏதாவது தட்டுப்பட்டால் ஒரு சின்னச் சோதனை. நுனி நாக்கால் தொட்டுப் பாருங்கள். முகம் சுளிக்க வேண்டாம், களத்தில் ஆய்வாளர்கள் செய்கிற வேலைதான் இது. பழைய எலும்பில் நுண்துளை நிறைய, ஈரத்தை உறிஞ்சி நாக்கில் ஒட்டும். சாதாரணக் கல் ஒட்டாது. ஆனால் கரிசலில் கிடக்கிற சுக்கான் கல் சிலசமயம் ஏமாற்றும், அதனால் இந்த ஒரு சோதனையோடு பேப்பர்காரரைக் கூப்பிட்டுவிடாதீர்கள். எடுத்துக் கழுவி வீட்டு அலமாரியிலும் வைக்காதீர்கள். எத்தனை அடி ஆழம், எந்த நிற மண், பக்கத்தில் என்ன கிடந்தது, இவை தெரியாத எலும்பு பாதி ஊமை. கிடந்தபடியே படம் எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்துக்குச் சொல்லுங்கள்.

எட்டாம் வகுப்பு மாணவி, மேலப்பாளையம்: ஒரே ஒரு பல்லை வைத்து அது ஊர்வனவா பாலூட்டியா என்று எப்படி மிஸ் கண்டுபிடிப்பார்கள்? எங்கள் புத்தகத்தில் இரண்டு வரிதான் இருக்கிறது.

இரண்டு வரியாவது இருக்கிறதே மக்கா! இதற்கு ஆட்டுத்தலை வேண்டும். வீட்டில் தலைக்கறி எடுக்கிற அன்றைக்குக் கீழ்த்தாடையை மட்டும் உனக்குக் கேட்டு வாங்கிக்கொள். வேகவைத்துச் சதையை எடுத்து, வெயிலில் காயவை. நாய் தூக்கிவிடாமல் பார்த்துக்கொள்.

இப்போது பார். முன்னால் புல்லைப் பறிக்கிற உளிப்பல் எட்டு. மேல்தாடையில் அந்த இடத்தில் பல்லே கிடையாது, வெறும் தடித்த ஈறு. அப்புறம் ஒரு நீண்ட வெற்றிடம். அதற்குப் பிறகு கடைவாய்ப் பற்கள், பக்கத்துக்கு ஆறு. அவற்றின் மேற்பரப்பை விரல்நகத்தால் தடவு. பிறை வடிவத்தில் வரப்பு வரப்பாக இருக்கும். எனாமல் கடினம், உள்ளே இருக்கிற தந்தினி மெது. மெல்ல மெல்ல மெதுவானது முன்னால் தேய்ந்து, எனாமல் வரப்பு கூராக நிற்கும். தேயத் தேயக் கூர்மையாகிற கருவி அது. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றோடொன்று அச்சாகப் பொருந்தினால்தான் இந்த வேலை நடக்கும். அதனால்தான் பாலூட்டிக்குப் பல் இரண்டே தரம் முளைக்கிறது: பால்பல் ஒன்று, நிலைத்த பல் ஒன்று. அடிக்கடி விழுந்து முளைத்தால் பொருத்தம் கெட்டுவிடும்.

முதலைக்கு அந்தக் கவலை இல்லை. கவ்வும், கிழிக்கும், விழுங்கும், மெல்லாது. பற்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரிக் கூம்பு, ஆயுசு முழுக்க விழுந்து விழுந்து முளைக்கும். ஆகவே மண்ணுக்குள் ஒரு பல் கிடைத்து, அதில் மேடும் பள்ளமும் இரண்டு மூன்று வேரும் இருந்தால் அநேகமாகப் பாலூட்டி. வெறும் கூம்பாக இருந்தால் பெரும்பாலும் ஊர்வன. 'பெரும்பாலும்' என்று சொன்னதைக் கவனி. டால்பினுக்கும் கூம்புப் பல்தான், செடி தின்ற பழைய முதலைகளுக்கு மேடுபள்ளப் பல்லும் இருந்தது.

தாடையின் பின்பக்கம்தான் எனக்குப் பிடித்த இடம். ஆட்டுக்குக் கீழ்த்தாடை பக்கத்துக்கு ஒரே எலும்பு. முதலைக்குப் பல எலும்பு சேர்ந்து ஒரு தாடை. மிச்ச எலும்புகள் எங்கே போயின? அவற்றில் தாடைக் கீலாக இருந்த ஒன்றும், அதோடு பொருந்தியிருந்த மேல்பக்கத்து எலும்பு ஒன்றும், படிப்படியாகச் சிறுத்து, நம் காதுக்குள் சுத்தி எலும்பாகவும் பட்டடை எலும்பாகவும் உட்கார்ந்திருக்கின்றன. இது ஊகம் இல்லை. சுமார் 20 கோடி ஆண்டுக்கு முன் வாழ்ந்த மார்கனுகோடான் என்ற சுண்டெலி அளவுப் பிராணியின் தாடையில் பழைய கீலும் புதிய கீலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. வேல்ஸிலும் சீனாவிலும் கிடைத்தது. மாற்றம் நடந்துகொண்டிருந்தபோதே கல்லில் மாட்டிக்கொண்டது.

ஜெ. அந்தோணி, உவரி: 2016 ஜனவரியில் மணப்பாட்டுக் கரையில் திமிங்கலங்கள் ஒதுங்கியபோது நாங்கள் படகில் கட்டி இழுத்துக் கடலில் விட்டோம், திரும்பித் திரும்பிக் கரைக்கே வந்தன. அது ஒரு காலத்தில் கரையில் நடந்த மிருகம், அந்த ஞாபகத்தில்தான் வருகிறது என்று ஒருவர் சொன்னார். உண்மையா?

பாதி உண்மை அண்ணாச்சி. நடந்த மிருகம் என்பது சரி. ஞாபகத்தில் வருகிறது என்பது சினிமா. அன்றைக்கு ஒதுங்கியவை 80-க்கும் மேல், பைலட் திமிங்கலங்கள். 1973 ஜனவரியிலும் அதே கடற்கரைப் பக்கம் 147 ஒதுங்கின. கூட்டத்தை விட்டுப் பிரியாத சாதி, ஒன்று வழி தவறினால் எல்லாம் பின்னாலேயே வரும்.

நடந்த கதைக்கு வருவோம். ஜம்மு காஷ்மீரின் காலாகோட் பக்கத்தில், சுமார் 4.8 கோடி ஆண்டு பழைய பாறையில், ஏ. ரங்கராவ் என்ற இந்திய நிலவியலாளர் எலும்புகளைச் சேகரித்தார். 1971-ல் அதற்கு 'இந்தோஹையஸ்' என்று பெயரிட்டார். பூனை அளவு, மெலிந்த கால், குளம்பு. பார்வைக்கு நம் களக்காடு முண்டந்துறைக் காட்டில் இருக்கிற சருகுமானின் ஜாடை. அவர் காலத்துக்குப் பிறகு அந்தக் கற்கள் அமெரிக்காவில் தேவிஸ்ஸன் என்ற ஆய்வாளர் கைக்குப் போயின. மண்டையோட்டைச் சுத்தம் செய்தபோது காதுப் பகுதி உடைந்துவிட்டது. உடைந்த இடத்தில் பார்த்தால், காது எலும்பின் உள்சுவர் ஒரு பக்கம் கனமாகத் தடித்திருக்கிறது. அப்படித் தடித்த காது திமிங்கலத்துக்கும் டால்பினுக்கும்தான் உண்டு! 2007-ல் அதை வெளியிட்டார்கள். கால் எலும்பின் சுவரும் தடிமன், நீர்யானையைப் போலத் தண்ணீருக்குள் மிதந்துவிடாமல் நடக்க உதவும் கனம். ஆப்பிரிக்காவில் ஒரு சருகுமான் இனம் இன்றைக்கும் கழுகு வந்தால் தண்ணீருக்குள் முங்கிவிடும்.

அதற்கு அடுத்த ஆதாரம் உங்கள் வீட்டு ஆட்டுக்கால் சூப்பில் கிடக்கிறது. கணுக்காலில் ஓர் எலும்பு, மேலும் கீழும் கப்பிச் சக்கரம் மாதிரிப் பள்ளம் விழுந்திருக்கும். ஆடு, மாடு, மான், பன்றி, ஒட்டகம் என்று இரட்டைக் குளம்புக் குடும்பத்துக்கே உரிய அடையாளம். கால் இருந்த பழைய திமிங்கலங்களின் கணுக்காலில் இதே எலும்பு பாகிஸ்தானில் கிடைத்தது, 2001-ல் வெளிவந்தது. இன்றைக்கு உயிரோடு இருப்பவற்றில் திமிங்கலத்துக்கு நெருங்கிய சொந்தம் நீர்யானை. மணப்பாட்டில் ஒதுங்கியவற்றின் துடுப்பை அறுத்துப் பார்த்திருந்தால் உள்ளே மேற்கை, முன்கை, விரல் எலும்பு எல்லாம் வரிசையாக இருந்திருக்கும்.

வே. சங்கரபாண்டியன், அம்பாசமுத்திரம்: டைனோசர் காலத்தில் புல்லே கிடையாது என்று எங்கள் வாத்தியார் சொல்லித் தந்தார். இப்போது என் பேரன் 'நெல்லே இருந்தது' என்கிறான். யார் சொல்வது சரி?

வாத்தியார் சொன்னபோது அதுதான் பாடம், அவரைக் குறை சொல்ல முடியாது. மகாராஷ்டிரத்தில் பிஸ்துரா என்ற ஊர்ப்பக்கம் டைனோசர் சாணம் கல்லாகிக் கிடக்கிறது. அதைக் கரைத்து உருப்பெருக்கியில் வைத்தார்கள். புல்லின் உடம்பில் இருந்த சிலிக்கா துகள்கள், அதாவது மணல் போன்ற நுண்துகள்கள், அச்சு அசலாகக் கிடைத்தன. 2005-ல் வெளிவந்த ஆய்வு, ஐந்து வகைப் புல்லாவது இருந்தது என்றது. 2011-ல் இன்னும் நுணுக்கமாகப் பார்த்து, நெல் குடும்பத்தின் முன்னோர்களும் அதில் உண்டு என்றார்கள்.

நெல் வயலில் இறங்கியவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தாள் காலை அறுப்பது அந்தச் சிலிக்காவால்தான். உமிக்கரியில் பல் தேய்த்தால் நறநறப்பது அதுதான். செடி மக்கினாலும் அது மக்காது, மாட்டின் வயிற்றிலும் செரிக்காது. ஒவ்வொரு செடிக்கும் துகள் ஒவ்வொரு வடிவம் என்பதால், சாணத்தை வைத்தே சாப்பாட்டுப் பட்டியலைப் போட்டுவிடலாம். அதே சாணத்தில் பனைக் குடும்பத்து மரங்களும் ஊசியிலை மரங்களும் இருந்தன. கிடைத்ததையெல்லாம் மேய்ந்திருக்கிறது. பேரன் சொன்னது முக்கால்வாசி சரி: நெல் இல்லை, நெல்லின் பாட்டன்.

பெயர் வேண்டாம், திசையன்விளை: 'டைனோசர் முட்டை' என்று ஒருவர் உருண்டைக் கல் விற்கிறார். வாங்கலாமா?

வேண்டாம். 2020-ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் இப்படித்தான் உருண்டை உருண்டையாகக் கிடைத்ததும் 'முட்டை' என்று ஊரே திரண்டது. வந்து பார்த்த நிலவியலாளர்கள், கடல் படிவில் தானே திரண்ட கல் என்றார்கள். நிஜ முட்டைக்கு ஓடு உண்டு, ஓட்டில் மூச்சுத் துளை உண்டு. எல்லா உருண்டையும் முட்டை இல்லை. இதற்கு மறுதலையும் நடந்திருக்கிறது. மத்தியப் பிரதேசம் தார் மாவட்டத்தில் தோட்டத்தையும் மாட்டையும் காக்கிற சாமி என்று தலைமுறை தலைமுறையாகக் கும்பிட்ட உருண்டைக் கற்களை டைனோசர் முட்டை என்று நிபுணர்கள் சொன்னதாக 2023-ல் செய்தி வந்தது.

அதே மாவட்டத்தில் 92 கூடுகளும் 256 முட்டைகளும் கணக்கெடுக்கப்பட்டன. கூடுகள் நெருக்கமோ நெருக்கம், அவ்வளவு பெரிய தாய் நடுவில் நின்று காவல் காக்க இடமில்லை. ஆகவே இட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும், நம் கடற்கரையில் பங்குனி ஆமை இட்டுவிட்டுப் போவதைப்போல. நீங்கள் வாங்குகிற கல்லில் இந்த மாதிரி ஒரு சேதியும் வராது.

சு. மாரியப்பன், கடையநல்லூர்: குஜராத்தில் கிடைத்த 'வாசுகி' பாம்பு நிஜமாகவே 50 அடியா?

இருக்கலாம். கட்ச் பகுதியில் பானந்த்ரோ பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்தவை 27 முதுகெலும்புகள், வயது சுமார் 4.7 கோடி ஆண்டு. 2024-ல் வெளியிட்டவர்கள் 11 மீட்டரிலிருந்து 15 மீட்டர் வரை என்று எழுதினார்கள். பத்திரிகைகள் பெரிய எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டன. நீளத்தைவிட அது சொல்கிற சேதி எனக்கு முக்கியம். பாம்புக்குச் சொந்தச் சூடு கிடையாது, வெளிச்சூட்டில்தான் வண்டி ஓடும். அவ்வளவு பெரிய உடம்பு பிழைக்க வேண்டுமானால் ஊர் வருஷம் முழுக்க வெக்கையாக இருந்திருக்க வேண்டும். எலும்பே வெப்பமானி.

குஜராத்திலேயே இன்னொரு பாம்பும் உண்டு, 'சனஜே'. டைனோசர் கூட்டுக்குள், உடைந்த முட்டையைச் சுற்றிச் சுருண்டபடி, பக்கத்தில் பொரிந்த குஞ்சோடு கல்லாகிவிட்டது. நீளம் மூன்றரை மீட்டர்தான். வாசுகியின் 27 எலும்பை இதற்காக நான் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிடுவேன்.

க. பேச்சியம்மாள், விக்கிரமசிங்கபுரம்: காரையார் அணையில் வெயில் காய்கிற முதலை டைனோசரின் தம்பியா?

ஒன்றுவிட்ட பங்காளி. நேர் வாரிசு உங்கள் வீட்டுக் கோழி. முதலைக்கு இன்றைக்கு உயிரோடு இருப்பவர்களில் நெருங்கிய சொந்தம் பல்லியோ உடும்போ இல்லை, பறவைகள்.

டி. ராஜ், ஸ்ரீவைகுண்டம்: ஆதிச்சநல்லூர் எலும்புகள் புதைபடிவமா?

இல்லை. அவை தாழியில் வைத்த நம் மனிதர்கள். காலமும் சில ஆயிரம் ஆண்டுதான். அது தொல்லியல்காரர்களின் வீட்டுச் சமாச்சாரம், நான் எட்டிப் பார்க்கமாட்டேன்.

பிளஸ் டூ மாணவர், வள்ளியூர்: இந்த வேலைக்குப் போக என்ன படிக்க வேண்டும் டீச்சர்? வீட்டில் சிரிக்கிறார்கள்.

சிரிக்கட்டும் தம்பி. நிலவியல், அதாவது ஜியாலஜி, இளங்கலையில் சேர். தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில் அந்தத் துறை இருக்கிறது, வள்ளியூரிலிருந்து ரொம்ப தூரமில்லை. விலங்கியல் படித்துவிட்டும் வரலாம், ஆனால் பாறை தெரியாமல் எலும்பு மட்டும் தெரிந்தவர் களத்தில் தடுமாறுவார். மேலே போனால் லக்னோவில் புதைபடிவங்களை ஆராய்கிற பீர்பால் சாஹ்னி நிறுவனம் இருக்கிறது. கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் இருக்கிறது. பெயரைப் பார்த்து ஓடிவிடாதே, கோதாவரிப் பள்ளத்தாக்கில் தோண்டிய பராபாசாரஸ் என்ற டைனோசர் அங்கேதான் முழு உருவமாக நிற்கிறது. கணக்கை விட்டுவிடாதே. அரியலூருக்கு ஒரு நடை போய் வா, சித்திரை வெயிலில் வேண்டாம், தை மாசியில் போ. மழை கழுவிவிட்ட ஓடைக்கரையில்தான் சிப்பி வெளியே தெரியும்.